பகலில் இருக்கை, இரவில் கட்டில்: ஜப்பானின் 583 வரிசை ரயில்

ஜப்பானில் இரவு ரயிலில் அடிக்கடி போய்வந்தவர்கள் டிக்கெட் கவுண்டரில் குறிப்பாகக் கேட்டு வாங்கும் பெர்த் ஒன்று இருந்தது. 'பான்ஷிதா' என்று அதைச் சொல்வார்கள். 'பான்' என்பது பாண்டோகிராஃப், 'ஷிதா' என்றால் கீழே. ரயிலின் கூரையில் மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் அந்த மடக்குக் கைக்கு நேர் கீழே இருந்த மிடில் பெர்த்துதான் அது. மற்ற இடங்களில் மிடில் பெர்த்தில் படுத்தால் மூக்குக்கு மேலே அப்பர் பெர்த்தின் அடிப்பலகை இருக்கும், எழுந்து உட்கார முடியாது. பான்ஷிதாவில் அப்பர் பெர்த்தே கிடையாது. கட்டணம் சாதாரண மிடில் பெர்த்துக்கு உரியதுதான், ஆனால் தலைக்கு மேலே தாராளமாக இடம். விவரம் தெரிந்தவர்களுக்குக் கிடைத்த சின்ன லாபம்.

இந்தச் சலுகையை யாரும் திட்டமிட்டுத் தரவில்லை. மூன்றடுக்குப் படுக்கையை நுழைப்பதற்காக, தண்டவாளப் பாதை அனுமதிக்கும் உயரம் முழுவதையும் 583 வரிசை ரயிலின் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. அவ்வளவு உயரமான கூரைக்கு மேல் பாண்டோகிராஃபை மடக்கி வைக்க இடம் ஏது? அதனால் அது உட்காரும் பகுதியில் மட்டும் கூரையைத் தாழ்த்தினார்கள். தாழ்ந்த இடத்தில் மூன்று அடுக்கு நுழையாது, இரண்டுதான் நுழையும். இரண்டு வேலையை ஒரே பெட்டிக்குள் திணித்தபோது கணக்கில் விட்டுப்போன ஒரு மிச்சம் அது. 581, 583 வரிசை ரயில்களின் கதையே இப்படிப்பட்ட மிச்சங்களின் கதைதான்.

1960-களின் ஜப்பானில் பொருளாதாரம் ஏறிக்கொண்டிருந்தது, ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஜப்பான் தேசிய ரயில்வே புதிய ரயில்களை விட விட, நிறுத்தி வைக்க யார்டு போதவில்லை. பகலில் ஓடும் விரைவு ரயில் இரவெல்லாம் யார்டில் சும்மா நிற்கிறது. இரவில் ஓடும் படுக்கை ரயில் பகலெல்லாம் யார்டில் சும்மா நிற்கிறது. ஆளுக்கு ஒரு பாதி நாள் வேலை, ஆனால் நிற்க இரண்டு மடங்கு இடம். பெருநகரங்களில் நிலம் வாங்கி யார்டை விரிப்பது லேசான காரியமில்லை. போதாததற்கு, 1964-ஆம் நிதியாண்டில் இருந்து தேசிய ரயில்வே நஷ்டக் கணக்கு எழுதத் தொடங்கியிருந்தது.

அப்போது பிறந்த யோசனை எளிமையானது: ஒரே ரயிலைப் பகலில் இருக்கை ரயிலாகவும் இரவில் படுக்கை ரயிலாகவும் ஓட்டினால் என்ன? யார்டில் நிற்கும் நேரம் குறையும், வாங்க வேண்டிய பெட்டிகளும் குறையும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணிகள் யாரும் இப்படியொரு ரயில் வேண்டும் என்று கேட்கவில்லை. கேள்வி யார்டில் இருந்து வந்தது, பதிலும் யார்டுக்காகத்தான் தயாரானது. அந்தப் பதிலில் உட்கார்ந்தும் படுத்தும் போகவேண்டியவர்கள்தான் பயணிகள். பிற்பாடு இந்த ரயில் பட்ட பாடுகளில் பாதிக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

என்ஜின் இழுக்கும் பெட்டிகளாக இல்லாமல் இதை மின்தொடராகக் கட்டியதுதான் துணிச்சலான பகுதி. மின்தொடரில் தனி என்ஜின் கிடையாது. பல பெட்டிகளின் அடியில் மோட்டார்களைப் பிரித்து வைத்திருப்பார்கள். புல்லட் ரயிலின் தந்தை என்று சொல்லப்படும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோ இந்த முறையை நெடுந்தூர ரயில்களுக்கும் கொண்டுவரப் பாடுபட்டவர். 1958-ல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே வந்த 'கொதாமா' பகல்நேர விரைவு ரயில், மின்தொடரில் சொகுசாகவும் நெடுந்தூரம் போகலாம் என்று காட்டியது. ஆனால் படுத்துத் தூங்குவது வேறு விஷயம். காதுக்குக் கீழே மோட்டார் உறுமினால் யாருக்குத் தூக்கம் வரும்? அதனால்தான் அதுவரை படுக்கை ரயில் என்றாலே என்ஜின் முன்னே, அமைதியான பெட்டிகள் பின்னே என்றிருந்தது. பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களில் காற்று நிரப்பிய ஸ்பிரிங்குகளை வைத்து அதிர்வைக் குறைத்து, அந்த வழக்கத்தை 581 வரிசை மீறியது. உலகின் முதல் படுக்கை வசதி கொண்ட மின்தொடர் என்று அதைச் சொல்கிறார்கள்.

1967 அக்டோபர் 1 அன்று அது ஓடத் தொடங்கியது. இரவில் ஷின்-ஒசாகாவில் இருந்து கியூஷூ தீவின் ஹகாதாவுக்கு 'கெக்கோ', பகலில் ஷின்-ஒசாகாவில் இருந்து ஓய்தாவுக்கு 'மிதோரி'. கெக்கோ என்றால் நிலவொளி, மிதோரி என்றால் பச்சை. ஏன் ஷின்-ஒசாகா? மூன்று ஆண்டுகளுக்கு முன் திறந்த தொக்கைதோ புல்லட் ரயில் பாதை அங்கேதான் முடிந்தது. டோக்கியோவில் இருந்து பறந்து வந்து இறங்குபவர்களை மேற்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் வேலை. புல்லட் ரயிலின் தொங்கலாகப் பிறந்த ரயில் என்று சொன்னால் தப்பில்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பகல் விரைவு ரயில்களுக்கு அப்போது வெளிர்மஞ்சளும் சிவப்பும் நிறம். படுக்கை ரயில்களுக்கு அடர்நீலம். புதிய ரயில் வெளிர்மஞ்சளில் நீலம் பூசிக்கொண்டது, இரண்டு வீட்டிலும் ஒரு கால். முகப்பிலும் அந்த இரட்டை வாழ்க்கை தெரிந்தது. பழைய விரைவு ரயில்களில் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுவார்கள். காலையில் ஒரு பெயர், இரவில் ஒரு பெயர் என்று ஓடும் ரயிலுக்கு அது சரிப்படாது. சுருளில் பெயர்களை எழுதிவைத்து, சுழற்றி மாற்றும் பலகையைப் பொருத்தினார்கள். முகப்பின் நடுவே ஒரு கதவும் வைத்தார்கள், இரண்டு ரயில்களைச் சேர்த்து ஓட்டினால் இடையே நடந்து போகலாம் என்று. அந்தக் கதவுக்குப் பெரும்பாலும் வேலையே வரவில்லை. ஆனால் அந்த முகவெட்டு மட்டும் பின்னால் வந்த பல ரயில்களுக்குப் பரவியது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பகலில், நடுவே நடைபாதை, இரு பக்கமும் நான்கு பேர் எதிரெதிரே உட்காரும் இருக்கைகள். இரவானதும் எதிரெதிர் இருக்கைகளை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தால், நடுவில் இருந்த கால் வைக்கும் இடம் மூடி, லோயர் பெர்த் ஆகிவிடும். மிடிலும் அப்பரும் பகலில் ஜன்னலுக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் வளைவுக்குள் மடங்கிக் கிடக்கும், இரவில் இறக்கிக்கொள்ளலாம். படுக்கைகள் ரயில் போகும் திசையிலேயே நீளமாக அமையும். ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி, அவற்றுக்கு இடையே திருகினால் திறந்து மூடும் பட்டைத் திரை. மேல் பெர்த்துகளில் படுப்பவர்கள் வெளியே எட்டிப் பார்க்கவென்று சிறுசிறு துளை ஜன்னல்களும் உண்டு. பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த நிறுவனம் அந்தத் துளைகளுக்குச் செலவழித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

லோயர் பெர்த்தின் அகலம் 106 சென்டிமீட்டர். இரண்டு பேர் உட்காரும் இருக்கையின் அகலம் அப்படியே படுக்கையின் அகலமாக வந்ததால் கிடைத்த கொடை அது. மேலே இருந்த இரண்டும் 70 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தக் காலத்து நீல ரயில்களின் சாதாரண வகுப்புப் படுக்கை வெறும் 52 சென்டிமீட்டர். அதில் புரள்வதென்றால் கீழே விழாமல் புரளத் தெரிந்திருக்க வேண்டும். 106 சென்டிமீட்டர் என்பது அப்போது ராஜபோகம். அதனால் லோயருக்குக் கட்டணமும் மற்ற இரண்டைவிடக் கூடுதல்.

கணக்கில் ஒரு சிக்கலும் இருந்தது. நான்கு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர்தான் படுக்கலாம், பகலைவிட இரவில் ஆள் குறைவு. இருக்கையைக் கட்டிலாக்குவதும் கட்டிலை இருக்கையாக்குவதும் யார்டில் ஆட்கள் செய்யும் உடலுழைப்பு. விரிப்பு, தலையணை, போர்வை எல்லாவற்றையும் பெட்டிக்குப் பெட்டி போட்டு எடுக்க வேண்டும். யார்டில் இடம் மிச்சமானது, ஆனால் கைகளுக்கு வேலை கூடியது.

ஜப்பானிய ரயில் பெட்டிகளின் குறியீட்டிலேயே இந்தத் தூக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ரயிலின் மோட்டார் பெட்டிக்கு 'மோஹாநெ' என்று பெயர். 'மோ' மோட்டார். 'ஹா' சாதாரண வகுப்பு, பழைய ஜப்பானிய எழுத்து வரிசையான இ-ரோ-ஹாவில் மூன்றாவது எழுத்து, ஒருகாலத்தில் மூன்றாம் வகுப்பைக் குறித்தது. 'நெ' என்பது 'நெரு', அதாவது தூங்குதல். ஓட்டுநர் அறை உள்ள பெட்டி 'குஹாநெ', உணவுப் பெட்டி 'சாஷி'. மோட்டாரும் தூக்கமும் ஒரே பெயருக்குள் வந்தது இதில்தான் முதன்முறை.

581 என்ற எண் ஏன் 583 ஆனது என்பதற்கு ஜப்பானின் மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் மின்சாரத்தின் அதிர்வெண் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியில் இருந்தும் ஒசாகா அமெரிக்காவில் இருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு, இன்றுவரை ஒன்றாகவில்லை. ரயில்வேயில் இதற்கு மேல் இன்னொரு பிரிவினை: டோக்கியோ, ஒசாகா வட்டாரங்களிலும் அவற்றை இணைக்கும் பழைய பாதைகளிலும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், பின்னால் மின்மயமான கியூஷூ, வடகிழக்குப் பகுதிகளில் 20,000 வோல்ட் மாறுமின்சாரம். 581 வரிசை நேர்மின்சாரத்திலும் 60 ஹெர்ட்ஸிலும் ஓடும், மேற்குக்கு அது போதும். 1968-ல் வந்த 583 வரிசை 50 ஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டது. மின்மயமான பிரதான பாதைகளில் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றானது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

ஹொன்ஷூவையும் கியூஷூவையும் இணைக்கும் கன்மோன் கடலடிச் சுரங்கத்தைத் தாண்டி மோஜி நிலையத்தை நெருங்கும்போது ஒரு மின்சாரம் முடிந்து இன்னொன்று தொடங்கும். இடையே மின்சாரமே இல்லாத ஒரு துண்டு. ரயில் ஓடி வந்த வேகத்தில் அதைக் கடக்கும், அந்த நொடிகளில் பெட்டிக்குள் விளக்குகள் அணைந்துவிடும். விழித்திருப்பவர்களுக்குத் தீவு மாறியது அந்த இருட்டில் தெரியும். டோக்கியோவுக்கு வடக்கே ஜோபான் பாதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு, அங்கே காரணம் விசித்திரமானது. பக்கத்தில் ககியோகா என்ற இடத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. நேர்மின்சாரம் தரையில் கசிந்தால் அதன் கருவிகள் குழம்பும். ஆகவே தோரிதே நிலையத்துக்கு வடக்கே மாறுமின்சாரம்தான் என்று முடிவானது.

1968 ஆகஸ்டில் தோஹோகு பிரதான பாதை அவொமோரி வரை முழுக்க மின்மயமானது. அந்த அக்டோபரில் நாடு முழுவதும் நேர அட்டவணை மாறியது. ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கில் அது ஷோவா 43-ஆம் ஆண்டு பத்தாம் மாதம் என்பதால் ரயில் ஆர்வலர்கள் அதை இன்றும் 'யோன்-சான்-தோ', நான்கு-மூன்று-பத்து, என்று சொல்வார்கள். 583 வரிசைக்கு அது அரங்கேற்றம். டோக்கியோவின் உவேனோவில் இருந்து பகலில் 'ஹாத்சுகாரி', இரவில் 'ஹகுத்சுரு', ஜோபான் வழியாக 'யுசுரு', மூன்றும் அவொமோரிக்கு. ஹாத்சுகாரி சுமார் எட்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அவொமோரியில் ரயில் நின்றது கப்பல் துறையில். அங்கிருந்து ஹொக்கைடோவுக்குக் கப்பல். பதிமூன்று பெட்டிகள், நடுவே உணவுப் பெட்டி, முதல் வகுப்புக்கு இணையான கிரீன் பெட்டி என்று அந்த ரயில் ஒரு நகரும் ஊராகவே இருந்தது. ஜப்பான் ரயில் ஆர்வலர் சங்கம் தரும் புளூ ரிப்பன் விருது 1968-ல் 581 வரிசைக்குக் கிடைத்தது.

பெயர்களில் ஓர் ஒழுங்கு தெரியும். கியூஷூ பக்கம் இரவு ரயில்களுக்கு வானம்: கெக்கோ நிலவொளி, மியோஜோ விடிவெள்ளி, சுய்செய் வால்நட்சத்திரம், நகோயாவில் இருந்து போன கின்செய் வெள்ளிக்கோள். வடக்கே பறவைகள்: ஹாத்சுகாரி பருவத்தில் முதலில் வந்திறங்கும் காட்டு வாத்து, ஹகுத்சுரு வெண்கொக்கு, யுசுரு அந்திக்கொக்கு. ஒரே பெட்டி பகலில் பறவையாகவும் இரவில் இன்னொன்றாகவும் பெயர் மாற்றிக்கொண்டு, மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வேகம் பிடித்து, ஓய்வில்லாமல் ஓடியது. 1972 வரை மொத்தம் 434 பெட்டிகள் கட்டினார்கள்.

புகார் பகலில் இருந்துதான் முதலில் வந்தது. அதே விரைவுக் கட்டணத்துக்கு மற்ற விரைவு ரயில்களில் ரயில் போகும் திசையைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளும் இருக்கை கிடைத்தது. 583-ல் முன்பின் தெரியாத ஒருவரின் முழங்காலுக்கு எதிரே எட்டு மணி நேரம், அதிலும் பாதிப் பேருக்குப் பின்னோக்கிய பயணம். கால் நீட்ட இடம் தாராளம் என்பது உண்மைதான். ஆனாலும் திரும்பும் இருக்கையை ஒருமுறை பார்த்தவர்கள் இதை விரைவு ரயில் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். இரவுப் பக்கமும் மேன்மை நிலைக்கவில்லை. 1974-ல் என்ஜின் இழுக்கும் படுக்கை ரயில்களில் இரண்டடுக்குப் பெட்டிகள் வந்தன. லோயர் பெர்த்தின் அகலம் ஒன்றைச் சொல்லி மூன்றடுக்கை எத்தனை நாள் விற்க முடியும்?

ஆனால் இதைச் சாய்த்தது சொகுசுக் குறை அல்ல. பெற்றெடுத்த புல்லட் ரயிலேதான். 1972-ல் அந்தப் பாதை ஒகயாமா வரை நீண்டது, 1975 மார்ச் 10 அன்று ஹகாதாவையே எட்டியது. ஒசாகாவுக்கு மேற்கே போகும் பழைய சன்யோ பாதையின் பகல் விரைவு ரயில்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின, கெக்கோவும் அத்துடன் முடிந்தது. மேற்கே 583-க்குப் பகல் வேலை பெரும்பகுதி போய்விட்டது. பகலும் இரவும் உழைப்பதற்காகக் கட்டிய ரயிலுக்குப் பகலைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? யார்டில் பகலெல்லாம் நிற்கும் ஒரு மூன்றடுக்குப் படுக்கை ரயில். எந்த நிலையைத் தவிர்க்க அதைக் கட்டினார்களோ அதே நிலைக்கு அது வந்து சேர்ந்தது. 1976 நவம்பரில் நஷ்டத்தைச் சமாளிக்கத் தேசிய ரயில்வே கட்டணத்தை ஒரேயடியாக 50 சதவீதம் உயர்த்தியதும் இரவுப் பயணிகளும் விமானத்துக்கும் பேருந்துக்கும் நகர்ந்தார்கள். 1982-ல் வடக்கேயும் புல்லட் ரயில் மொரியோகா வரை வந்தது. உவேனோ–அவொமோரி ஹாத்சுகாரி, மொரியோகா–அவொமோரி துண்டு ரயிலாகச் சுருங்கியது.

பிறகு நடந்ததை ரயில் ஆர்வலர்கள் இன்னும் முகம் சுளித்துத்தான் சொல்வார்கள். பெட்டிகள் நிறைய மிஞ்சின, கையில் காசில்லை, அதே சமயம் சிறு நகரங்களில் அடிக்கடி ஓடும் குட்டி ரயில்கள் தேவைப்பட்டன. 1984, 1985-ல் 150-க்கும் மேற்பட்ட பெட்டிகளை வெட்டி ஒட்டி உள்ளூர் ரயில்களாக்கினார்கள். கியூஷூவுக்கும் செண்டாய் வட்டாரத்துக்கும் 715 வரிசை, ஜப்பான் கடலோரப் பகுதியான ஹொகுரிகுவுக்கு 419 வரிசை. நீண்ட ரயில்களைச் சிறு துண்டுகளாக்கினால் ஓட்டுநர் அறைகள் பற்றாது. அதனால் நடுப்பெட்டிகளின் முனையை நேராக வெட்டி, தட்டையாக ஒரு முகத்தைப் பொருத்தினார்கள். உயரமான பெட்டி, வெட்டிய முனை: பார்க்க அசல் ரொட்டித் துண்டு. 'ஷொகுபான்' ரயில் என்று பெயர் விழுந்தது, ஷொகுபான் என்றால் நாம் பிரெட் என்று சொல்லும் ரொட்டி. மேல் பெர்த்துகளைக் கழற்றவும் செலவாகும் என்று, மடங்கிய நிலையிலேயே பூட்டி விட்டுவிட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் தலைக்கு மேலே யாரும் படுக்காத கட்டில்களைச் சுமந்துகொண்டு போனார்கள். கூடுதலாக வைத்த கதவுகளும் பழையவற்றைப் போலவே ஒடுங்கிய மடிப்புக் கதவுகள், காலை நெரிசலுக்கு ஏற்றவை அல்ல. தற்காலிக ஏற்பாடு என்று வந்தவை 715 வரிசை 1998 வரையிலும் 419 வரிசை 2011 வரையிலும் ஓடின.

வெட்டுக்குத் தப்பியவற்றில் அதிர்ஷ்டசாலி, ஒசாகாவுக்கும் நீகாதாவுக்கும் இடையே ஓடிய 'கிதகுனி'. வடநாடு என்று பொருள். 1985-ல் 583 இந்த ரயிலுக்கு வந்தது. அது விரைவு ரயில் வகையில்கூட இல்லை, அதற்குக் கீழ்ப்படியான சாதாரண எக்ஸ்பிரஸ். ஆனால் இந்தப் பெட்டிகளின் இயல்புக்கு மிகப் பொருத்தமான வேலை எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். சில பெட்டிகள் படுக்கையாக, சில பெட்டிகள் முன்பதிவில்லாத இருக்கையாக, கிரீன் பெட்டியும் உண்டு, எல்லாம் ஒரே இரவில் ஒரே ரயிலில். நள்ளிரவை ஒட்டி ஒசாகாவில் கடைசி ரயிலாக வீடு திரும்புகிறவர்களை ஏற்றிக்கொள்ளும். விடிந்ததும் நீகாதா பக்கம் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளும், கடைசிக் கட்டத்தில் எக்ஸ்பிரஸ் கட்டணமே இல்லாமல். இடையில் தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகலுக்கும் இரவுக்கும் என்று வடிவமைத்தது கடைசியில் ஒரே இரவுக்குள் இரண்டு வேலையையும் செய்தது. 2012 மார்ச்சில் அன்றாட ஓட்டம் நின்றது, அடுத்த ஜனவரியோடு விடுமுறைக்கால ஓட்டமும் முடிந்தது.

வடக்கே ஹகுத்சுருவை 1994-ல் என்ஜின் இழுக்கும் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. கடைசியாக மிஞ்சியது அகிதாவில் ஆறு பெட்டிகள் கொண்ட ஒரே ஒரு ரேக். சிறப்பு ரயிலாக அவ்வப்போது ஓடியது. வடகிழக்கில் இருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக டோக்கியோ டிஸ்னிலாண்ட் பக்கத்து மைஹாமா நிலையத்துக்குப் போகும் 'வகுவகு ட்ரீம்' ரயிலும் அவற்றில் ஒன்று. 2017 ஏப்ரல் 8 அன்று அந்த ரேக்கும் கடைசியாக ஓடி முடித்தது.

படுக்கை வசதி கொண்ட மின்தொடர் என்ற எண்ணம் அத்துடன் போய்விடவில்லை. 1998-ல் வந்த 285 வரிசை, 'சன்ரைஸ்' என்ற பெயரில் டோக்கியோவில் இருந்து இன்றும் இரவுதோறும் புறப்படுகிறது. அதில் பெரும்பாலும் தனியறைகள். எதையும் மடக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். பகலில் அது யார்டில் நிற்கிறது, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

583 குடும்பத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கியோட்டோ ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கே குஹாநெ 581-35 பழைய பொலிவோடு நிற்கிறது. எனக்கு அதைவிட மோஜி துறைமுகத்தில் உள்ள கியூஷூ ரயில் அருங்காட்சியகத்துப் பெட்டிதான் பிடித்தமானது. வெளியே குஹாநெ 581-8-இன் வெளிர்மஞ்சளும் நீலமும். ஆனால் அது 715 வரிசையாக மாறி வேலை செய்து ஓய்வுபெற்ற பெட்டி. நிறத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், உள்ளே எதையும் மாற்றவில்லை. ஏறிப் பார்த்தால் கதவோரம் உள்ளூர் ரயிலின் நீள இருக்கை, ஜன்னலுக்கு மேலே பூட்டிய பெர்த்துகள்.